பெல்ட்டுக்காரர் ஓட்டிவந்த வெள்ளைக் குதிரை

கொளஞ்சியப்பனுக்குக் குதிரை என்றால் பயம். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தவர் என்று தெரிந்தவர்கள் இதை லேசில் நம்ப மாட்டார்கள். ஒரு தெருவையே வாரி எடுத்து மறுபக்கம் மண்ணாகக் கொட்டிவிடும் யந்திரம். அது கொட்டியதைச் சுமந்துகொண்டு ஓயாமல் ஓடும் பெல்ட். அந்த பெல்ட்டுக்குக் காவல் கொளஞ்சியப்பன். கான்ட்ராக்ட்டில் சேர்ந்து, பாதி ஆயுளைக் கரைத்துப் பர்மனன்ட் ஆகி, மீதி ஆயுளையும் அங்கேயே கரைத்து ரிட்டயர் ஆனவர். ஓடுகிற பெல்ட்டில் வேட்டி நுனி மாட்டினால் முழு ஆளும் போய்விடுவான். அதன் பக்கத்தில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றவர், புல் தின்று பிழைக்கும் ஒரு பிராணி மூக்கால் புஸ்ஸென்று மூச்சு விட்டால் இரண்டடி பின்னால் போய்விடுவார். யந்திரத்துக்கு மனசு கிடையாது, அதனால் அதை நம்பலாம் என்பது அவர் கட்சி.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்றதில் காது பாதிக்குமேல் போய்விட்டது. அதை யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார். முதுகுப்பக்கமிருந்து கூப்பிட்டால்தான் வம்பு. கூப்பிட்டும் திரும்பாதவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள் சிலர். அவர் மறுக்கவில்லை. செவிடன் என்ற பெயரைவிடத் திமிர் பிடித்தவன் என்ற பெயர் கொஞ்சம் கௌரவமாகத்தான் பட்டது.

குவார்ட்டர்சைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தவர் மொய்னுதீன். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது அவர் தொழில். எந்த சாதி, எந்த மதத்து மாப்பிள்ளையாக இருந்தாலும் குதிரைமேல் ஏறி உட்கார்ந்ததும் முகத்தில் ஒரே மாதிரிதான் திகில் வருகிறது, இதைவிடப் பெரிய சமத்துவம் இந்த நாட்டில் நான் பார்த்ததில்லை என்பார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. காலையில் மொய்னுதீன் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கொளஞ்சியப்பன் நாற்காலி போட்டுக்கொண்டு, தூரத்தில்தான், உட்கார்ந்திருப்பார். மொய்னுதீன் அவரை மச்சான் என்பார். மொய்னுதீன் மனைவி ஜான் பீவி அண்ணே என்பாள். அந்தக் கணக்குப்படி உறவும் சரியாகவே இருந்தது.

மழைக்காலத்தில் குதிரை செத்துப்போனது. அந்த துக்கம் ஆறுமுன்பே, குதிரை முதுகிலிருந்து ஒருநாளும் கீழே விழாத மொய்னுதீன் குளியலறையில் சோப்பை மிதித்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். தை பிறந்தால் முகூர்த்தங்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து விருத்தாசலம் வரைக்கும் ஊர்வலங்கள் பேசி வைத்திருந்தார். ஒரு சீசன் குதிரை இல்லாமல் போனால் அத்தனையும் பண்ருட்டிப் பக்கத்து சாரட்டு வண்டிக்காரன் கைக்குப் போய்விடும்; போனது திரும்பி வராது. வயசு அறுபதை நெருங்கும் ஒருவர், அதுவும் ஒற்றைக் காலுடன், வேறு என்ன தொழிலைத் தொடங்க முடியும்?

அப்போதுதான் புதுச்சேரிக்கு அப்பால் கடலோரத்தில் இருந்த ஒரு குதிரையேற்றப் பள்ளியை இழுத்து மூடுகிறார்கள், சாமான்களோடு குதிரைகளையும் ஏலம் விடுகிறார்கள் என்று செய்தி வந்தது. கையிருப்பு ஒரே ஒரு குதிரைக்குத்தான் காணும். வாங்குவது சரியாக வாய்க்காவிட்டால் இன்னொன்று கிடையாது.

"நான் போய்ட்டு வர்றேன் பாய்" என்றார் கொளஞ்சியப்பன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

மொய்னுதீன் கட்டுப் போட்ட காலைக் கையால் தூக்கி மறுபக்கம் வைத்தார். "மச்சான், குதிரையப் பத்தி ஒனக்கு இன்னா தெரியும்?"

"தெனம் பாத்துகினுதான இருக்கேன்."

"எட்ட இருந்து."

"எட்ட இருந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியும்."

உள்ளேயிருந்து ஜான் பீவி வந்தாள். "நானும் கூடப் போறேன். அண்ணன் தனியாப் போனா, ஏலத்துல மிச்சமான நாற்காலிய வாங்கிகினு வந்து நிப்பாரு."

மொய்னுதீன் சட்டம் போட்டார். வெள்ளையாக இருக்க வேண்டும்; கல்யாண வீட்டார் வேறு நிறத்தை ஏற்க மாட்டார்கள். பெட்டையாக இருக்க வேண்டும். பல்லைப் பார், குளம்பைப் பார். எல்லாவற்றுக்கும் மேலே, மேளத்துக்கும் வேட்டுக்கும் மிரளக்கூடாது. "மாப்பிள்ளைய மேல ஏத்திகினு மெரண்டு ஓடிச்சின்னா, அப்புறம் நம்மள எந்த ஊருக்குள்ளயும் வுட மாட்டான்."

"என் பொறுப்பு" என்றார் கொளஞ்சியப்பன்.

குட்டியானை மினி வேனில் குதிரை ஏறாது என்பதால் அருண்குமாரின் பொலிரோ பிக்கப்பைப் பேசிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினார்கள். அருண்குமார் வழக்கமாகப் பலாப்பழமும் முந்திரி மூட்டையும் ஏற்றுகிறவன். குதிரை ஏற்றுவது இதுதான் முதல் தடவை என்பதைப் பாதி தூரம் வந்தபிறகுதான் சொன்னான்.

ஏலம் சாமியானாவுக்குக் கீழே நடந்தது. ஃப்ரிட்ஜ், மேஜை, சேணம், கண்ணாடி பீரோ எல்லாம் போனபின் குதிரைகள். வெள்ளைப் பெட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கண் கொஞ்சம் நீலம் பாய்ந்தது. கொளஞ்சியப்பன் அதன் பல்லைப் பார்த்தார். அதாவது அது கொட்டாவி விடும்வரை காத்திருந்து, நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டார். குளம்பும் அப்படியே. பிறகு மேளப் பரீட்சை. மேளத்துக்கு எங்கே போவது? ஜான் பீவி சாப்பாடு கொண்டுவந்த டிபன் கேரியரைத் திறந்து மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு குதிரையின் பின்பக்கமாகப் போய் ஓங்கித் தட்டினாள். வரிசையில் நின்ற மற்ற குதிரைகள் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளின. ஏலக்காரர் கையிலிருந்த மைக்கைக் கீழே போட்டார். வெள்ளைக் குதிரை வாலைக்கூட ஆட்டவில்லை. கொளஞ்சியப்பனின் முகத்தையே அமைதியாகப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அண்ணே, இதான்" என்றாள் ஜான் பீவி.

இதுதான் என்று அவருக்கும் பட்டது. சர்வசாதாரணமாகத் தன் முகத்தைப் பார்த்து நிற்கிற அந்தப் பார்வையில் ஒரு மரியாதை இருப்பதாகக்கூட நினைத்தார். எதிர்த்து ஏலம் கேட்ட ஒரு ரிசார்ட்காரர் சீக்கிரமே சலித்துவிட, குதிரை இவர்களுடையதாயிற்று. எடுத்ததைத் திருப்பித் தர முடியாது, நிறை குறை எதற்கும் நாங்கள் பொறுப்பில்லை என்று ஏலக்காரர் முன்பே மைக்கில் சொல்லியிருந்தார். மைக்கில் சொன்னது கொளஞ்சியப்பனுக்குப் புரியவில்லை. மைக் ஏலக்காரரின் உதட்டை மறைத்துக்கொண்டிருந்தது.

குள்ளஞ்சாவடிக்கு முன்னால் ஒரு பிரைவேட் பஸ், பிக்கப்பை உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு ஏர்ஹாரனை அலறவிட்டது. ஜான் பீவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கொளஞ்சியப்பனுக்கே அது நன்றாகக் கேட்டது. பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார். குதிரை வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

"என்னா அடக்கம் பாருங்கண்ணே. மனுசருக்கு வராது."

அவருக்கு ஏலத்தில் நின்ற மற்ற குதிரைகளின் காதுகள் ஞாபகம் வந்தன. ஒன்று முன்னால் பார்த்தால் மற்றது பின்னால் பார்க்கும். ஆள் பேசினால் ஆள் பக்கம், கதவு கிரீச்சிட்டால் கதவுப் பக்கம், சும்மாவே இருக்கவில்லை. இதன் காது இரண்டும் நட்டுவைத்த மாதிரி நின்றன. சத்தம் வந்த பக்கம் திரும்பாமல், எதிரில் இருப்பவர் முகத்தையே விடாமல் பார்ப்பது எதற்கு என்று கொளஞ்சியப்பனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் செய்துகொண்டிருப்பதும் அதுதான்.



குறிஞ்சிப்பாடியில் டீக்கு நிறுத்தினார்கள். மற்ற இருவரும் கடைக்குள் போனதும் கொளஞ்சியப்பன் வண்டிக்குப் பின்னால் போய், கையில் ஒட்டிய தூசியைத் தட்டுகிறவர்போல் இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். குதிரை அசையவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், குதிரை திரும்பவில்லை. வண்டியின் பின்கதவைப் பிடித்துப் படாரென்று அறைந்தார். குதிரை சட்டென்று தலையைத் தூக்கிற்று. அப்பாடா என்று ஒரு நிமிஷம் உயிர் வந்தது. அறைந்த அதிர்ச்சி பலகை வழியாகக் காலுக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியதும் அந்த உயிர் திரும்பப் போயிற்று. ஓடுகிற பெல்ட் நின்றுவிட்டதை அவரும் காதால் அல்ல, உள்ளங்காலால்தான் தெரிந்துகொள்வார்.

டீ ஆறிக்கொண்டிருந்தபோது மொய்னுதீன் போன் செய்தார். போனில் உதடு தெரியாது. ஆகையால் கொளஞ்சியப்பன் போன் பேசுவதில்லை. ஜான் பீவிதான் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுச் சொன்னாள்.

"மேளத்துக்கு நிக்குதான்னு கேக்குறாங்க."

"கல்லாட்டம் நிக்குதுன்னு சொல்லு."

"நாக்கத் தட்டினா காதத் திருப்புதான்னு கேக்குறாங்க."

கொளஞ்சியப்பன் டீயை ஒரே மூச்சில் குடித்தார். "வண்டி கெளம்பிடுச்சின்னு சொல்லு."

வடலூர் தாண்டி, சுரங்கத்து மண்மேடுகள் தெரிய ஆரம்பித்த இடத்தில் பின்னால் மளுக்கென்றது. அருண்குமார் ஓரம் கட்டினான். தளத்துப் பலகை ஒன்று பிளந்து குதிரையின் பின்னங்கால் குளம்புவரை உள்ளே இறங்கியிருந்தது. அருண்குமார் ஜாக்கி கம்பியால் பலகையை நெம்பினான். குதிரை தானே காலை இழுத்துக்கொண்டது. லேசான சிராய்ப்புதான். ஆனால் உடைந்த பலகை கீழே தொங்கி அச்சில் மாட்டியிருந்தது.

"இனிமே இது ஓடாது சார். மெக்கானிக்கு வரணும்" என்றான் அருண்குமார்.

சாலையோரத்து மண்மேட்டில் வண்டியின் பின்பக்கத்தை ஒட்டித் தள்ளி, குதிரையை நடத்தி இறக்கினார்கள். அது நல்ல பிள்ளையாக இறங்கி நின்று எல்லோர் முகத்தையும் பார்த்தது. அருண்குமார் கயிற்றை நீட்டினான். நீட்டிய கயிறு அப்படியே நின்றது.

"நீ புடி தங்கச்சி" என்றார் கொளஞ்சியப்பன்.

"நானா? நான் தொட மாட்டேன்."

"குதிரைக்காரரு பொண்டாட்டி தொட மாட்டியா?"

"சோறு போடுவேன், கொட்டகை கூட்டுவேன். தொட்டது கெடையாது. எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல." பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன், ஒங்களுக்கு இன்னா?"

கொளஞ்சியப்பன் கயிற்றை வாங்கிக்கொண்டார். அதன் கடைசி முனையைத்தான். இவருக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகலாம் என்கிற மாதிரி இருந்தது அந்த ஏற்பாடு. அருண்குமார் மெக்கானிக்குக்குப் போன் போட்டபடி வண்டியோடு நின்றுவிட்டான். மந்தாரக்குப்பம் நடந்தே போகிற தூரம்தான். வெயில் சரியாக மண்டைமேல் இருந்தது. கயிறு அவர் உள்ளங்கையில் வியர்வையால் வழுக்கிற்று. குதிரை தும்மியபோதெல்லாம் அவர் ஒரு அடி எட்டிப் போய் நடந்தார். ஜான் பீவி குதிரைக்குப் பின்னால், பத்திரமான தூரத்தில் வந்துகொண்டே அதன் குணத்தைப் புகழ்ந்துகொண்டு வந்தாள். ஒவ்வொரு புகழ்ச்சியும் முதுகில் ஊசிபோல ஏறிற்று. நல்லவேளையாகப் பாதிதான் அவருக்குக் கேட்டது.

சாலையை ஒரு இடத்தில் பெல்ட் பாலம் குறுக்கே கடக்கிறது. அதன் அடியில், வலதுபக்கத்திலிருந்து, சாம்பல் ஏற்றிய டிப்பர் லாரிகள் சரிவில் இறங்கி வந்து சேரும் பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதை வாய்க்கு இவர்கள் வந்த நேரம், மேலே பெல்ட்டை ஓட்டப்போவதற்கான சைரன் அலறியது.

சைரன் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட வேண்டும், பெல்ட்டை விட்டு விலகி அசையாமல் நிற்க வேண்டும். பெல்ட்டில் வேலை பார்த்த எவனுக்கும் இது புத்தியில் இருப்பதல்ல, எலும்பில் இருப்பது. சைரன் அடித்தும் ஸ்பானரை விடாமல் பிடித்திருந்தவன் கை போனதைக் கண்ணால் பார்த்தவர் கொளஞ்சியப்பன். ஆகவே, சுரங்கத்துக்கே இனி போக வேண்டாம் என்று மாலை போட்டு அனுப்பிவைக்கப்பட்ட அந்த மனிதர், சைரன் கேட்டதும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, மூன்றடி பின்னால் போய், கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

கையில் இருந்தது குதிரை.

"அண்ணே, வுட்டுட்டீங்களே" என்றாள் ஜான் பீவி. அது அவருக்குக் கேட்கவில்லை. அவள் ஓடிவந்து முன்னால் நின்று சொன்ன பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

குதிரை சைரனுக்கு மிரளவில்லை. மிரண்டிருந்தால்கூட வந்த வழியே ஓடியிருக்கும். எதிரோரத்தில் பச்சையாக ஏதோ தெரிய, கயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு, டிப்பர் பாதையின் நடுவில் சாவகாசமாக நடந்தது. சரிவின் மேலே ஒரு லாரி திரும்பி இறங்கத் தொடங்கியது. டிரைவர் குதிரையைப் பார்த்துவிட்டான். பார்த்தவன் பிரேக்கைத் தொடவில்லை, ஹாரனை அழுத்தினான். அவன் மேலும் குற்றம் இல்லை. ஹாரன் அடித்தால் விலகாத ஆடு மாடு இந்தப் பக்கத்தில் கிடையாது. லோடு வண்டியைச் சரிவில் பிரேக் போட்டு நிறுத்துவது அவ்வளவு சுலபமும் இல்லை. ஹாரன் இன்னொரு தடவை நீளமாக அடித்தது. குதிரை பாதி வழியில் நின்று, தரையில் கிடந்த எதையோ முகர்ந்து பார்த்தது.

ஜான் பீவி கத்தினாள். "ஏய், போ போ போ."

"கத்தாத. அதுக்குக் கேக்காது" என்றார் கொளஞ்சியப்பன். சொல்லிக்கொண்டே ஓடினார்.

அவர் குதிரையை நோக்கி ஓடவில்லை. இதை வீரம் என்று எழுத முடியாததற்கு அதுவே காரணம். அவர் லாரியை நோக்கி ஓடினார். யந்திரம்தானே, அதனிடம் அவருக்குப் பயம் கிடையாது. குதிரைக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் குறுக்காகப் போட்டுக் காட்டினார். இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத சுரங்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம், நிறுத்து. அதைப் பார்த்தபின் ஏன் எதற்கு என்று யோசிக்கிறவன் அங்கே வேலையில் இருக்க மாட்டான். டிப்பர் டிரைவர் கான்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் சுரங்கக் குழிக்குள் ஓட்டிப் பழகியவன். அவன் யோசிக்குமுன் அவன் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. லாரி சக்கரம் தேய்ந்து, சாம்பல் புழுதி முன்னால் பறந்து வந்து கொளஞ்சியப்பனை மூடிற்று. புழுதி அடங்கியபோது லாரியின் மூக்கு அவர் நெஞ்சுக்கு எதிரே இருந்தது. அதன் பின்னால் வந்த லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

தரை அதிர்ந்ததில் குதிரை இப்போதுதான் திரும்பிப் பார்த்தது. வெறுமையாக இருந்த இடத்தில் திடீரென்று ஒரு லாரி முளைத்திருக்கக் கண்டு முன்னங்கால்களைத் தூக்கிப் பின்வாங்கியது. கயிறு குளம்படியில் சிக்கி இறுகிற்று. இன்னொரு தடவை எம்பினால் விழும். விழுந்தால் கால் போகும். கால் போன குதிரையை வைத்துக்கொண்டு கால் போன மொய்னுதீன் என்ன செய்வார்?

ஜான் பீவி பின்பக்கமாகக் கயிற்றைப் பிடிக்க வந்தாள். கொளஞ்சியப்பன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். முதுகுப்பக்கமிருந்து வந்து தொடுகிறவர்களை அவருக்கு ஜென்மத்தில் பிடிக்காது. சத்தமில்லாமல் தோளில் விழும் கை ஒரு ஆளை எப்படித் தூக்கிவாரிப் போடும் என்பது கேட்கிற காது உள்ளவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. அவர் லாரியை ஒட்டிச் சுற்றி வந்து, குதிரையின் கண்ணுக்கு நேராக நின்று, காலியான உள்ளங்கையைக் காட்டினார். குதிரை அவர் முகத்தைத் தேடிப் பிடித்தது. ஒரு அடி வைத்தார். நின்றார். இன்னொரு அடி. அந்த மூக்கு புஸ்ஸென்று அவர் சட்டைமேல் மூச்சு விட்டது. பின்னால் போக வேண்டிய கால் எதனாலோ போகவில்லை, பின்னால் லாரி இருந்தது. குனிந்து, குளம்படியிலிருந்து கயிற்றை உருவி, வாய்க்குப் பக்கத்திலேயே இறுகப் பிடித்துக்கொண்டார்.

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "யோவ் பெருசு, அவ்ளோ ஹாரன் அடிக்கிறேன், குதிரைக்குக் காது செவுடா?"

"ஆமா" என்றார் கொளஞ்சியப்பன்.

டிரைவர் சண்டைக்கென்று தயாராக வைத்திருந்த வார்த்தைகளை என்ன செய்வது என்று தெரியாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

பாதையைத் தாண்டி நிழலுக்கு வந்ததும் ஜான் பீவி அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"குறிஞ்சிப்பாடிலேர்ந்து."

"எங்கிட்ட சொல்லல."

"ஒங்கிட்ட சொன்னா கடலூரு வரைக்கும் கேக்கும்."

அவள் முந்தானையால் முகத்துச் சாம்பலைத் துடைத்தாள். "டிபன் மூடியத் தட்டினது நான். புத்தி வேணாம் எனக்கு? இப்ப அவருகிட்ட இன்னான்னு சொல்லுறது? கால் கட்டோட ஒக்காந்துகினு, குதிரை வருது குதிரை வருதுன்னு காலைலேர்ந்து வாசலப் பாத்துகினு இருக்காரு."

"சொல்லிடலாமா?"

"வேணாம். ரெண்டு நாளு போவட்டும். கட்டுப் பிரிக்கட்டும்." பிறகு அவளே, "நீங்கதான் என் பொறுப்புன்னு சொன்னீங்க" என்றாள். அதில் கோபம் இல்லை, கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மொய்னுதீன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். தெருமுனையில் வெள்ளையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, ரெண்டு நாள் என்ன, ரெண்டு வருஷம்கூடச் சொல்ல வேண்டாம் என்று கொளஞ்சியப்பனுக்குத் தோன்றியது.

"ஜோடனை போட்டா ராணி மாதிரி இருப்பா மச்சான்" என்றார் மொய்னுதீன். "இன்னா ரெண்டு பேரும் சாம்பல் பூசிகினு வந்துருக்கீங்க?"

"வண்டி பஞ்சராயிடிச்சி" என்றாள் ஜான் பீவி. "கஞ்சி குடிச்சீங்களா? மாத்திரை போட்டீங்களா?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி டக்கென்று தட்டினார். இத்தனை வருஷமாக எந்தக் குதிரையையும் அப்படித்தான் கூப்பிடுவார். குதிரை பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் கயிற்றைக் கொட்டகைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நிதானமாக நடந்து மொய்னுதீனின் முதுகுப்பக்கம் போய் நின்றார். மொய்னுதீன் மறுபடியும் நாக்கைத் தட்டினார். பின்னால் கொளஞ்சியப்பன் கையை உயர்த்தினார். குதிரை தலையைத் திருப்பி நேராகப் பார்த்தது.

"பாத்தியா, பாத்தியா" என்றார் மொய்னுதீன்.

இன்னொரு தட்டு, இன்னொரு கை, குதிரை ஒரு அடி முன்னால் வந்தது. ஜான் பீவி மூச்சை விட்டாள். ஏமாற்று இவ்வளவு சுளுவாகப் பலிக்கும் என்று கொளஞ்சியப்பனே நினைக்கவில்லை. ஒரு நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"பின்னங்காலு எப்படி வெச்சிருக்குன்னு பாக்கணும்" என்று மொய்னுதீன் வாக்கரைத் திருப்பினார். டக், டக் என்று தரையில் ஊன்றிக்கொண்டு, கொட்டகையின் மறுவாசல் வழியாக, குதிரைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். போகும்போதே நாக்கைத் தட்டிக்கொண்டு போனார். நான் வருகிறேன் என்று குதிரைக்குச் சொல்வது அது. சொல்லிவிட்டு வருகிறவனை எந்தக் குதிரையும் உதைக்காது. அந்த நம்பிக்கையில் ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்து, பின்தொடையைத் தட்டிக்கொடுக்க நீட்டினார். குதிரையோ வாசலில் நின்ற ஜான் பீவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒருவர் வருகிறார் என்பதே அதற்குத் தெரியாது.

"பாய், தொடாத. அதுக்குக் காது கேக்காது."

தெருவே திரும்பிப் பார்க்கும்படி இருந்தது கொளஞ்சியப்பனின் குரல். மொய்னுதீனின் கை குதிரையின் தோலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவர் அதை மெதுவாக இழுத்துக்கொண்டார். வாக்கரை ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்த்தி, சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, குதிரையின் காதைப் பார்த்தார். அதன் பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலைச் சொடுக்கினார். இன்னும் ஒரு தடவை சொடுக்கினார்.



"என் தப்பு பாய்" என்றார் கொளஞ்சியப்பன். "நான் கண்டுபுடிச்சிருக்கணும். எனக்கே அவ்வளவா…"

"ஒனக்குக் காது கேக்காதுன்னு தெருவுக்கே தெரியும் மச்சான். அத வுடு." மொய்னுதீன் நாற்காலியில் உட்கார்ந்தார். "மேளத்துக்கு நிக்கும். அணுகுண்டு போட்டாலும் நிக்கும். ஆனா எனக்கு நிக்காதே. கூட்டத்துல பின்னால நின்னுகினு ஒரு சத்தம் குடுத்தா திரும்புற குதிரைய வெச்சிதான் நான் தொழில் பண்ணேன்."

"திருப்பிக் குடுக்க முடியாதுன்னு மைக்குல சொன்னாங்க" என்றாள் ஜான் பீவி.

"குடுத்தா மட்டும் வேற எதுல நான் மாப்பிள்ளைய ஏத்துறது?" மொய்னுதீன் கட்டுப் போட்ட காலை மடியில் வைத்த பிள்ளைபோல் தடவிக்கொண்டார். "இதுக்கு ஒரே வழிதான் இருக்குது. முன்னால ஒரு ஆளு நடக்கணும். கல்யாண வூடு வரைக்கும் இது மூஞ்சியப் பாத்துகினே, பின்பக்கமாவே நடக்கணும். நில்லுன்னா நில்லு, வான்னா வா, எல்லாத்தையும் கையால சொல்லணும். வேட்டுப் போட்டாலும் முகத்த வேற பக்கம் திருப்பக் கூடாது."

"யார வெப்ப?" என்றார் கொளஞ்சியப்பன்.

தளர்ந்து கிடந்த கயிற்றைக் கொளஞ்சியப்பன் தூணிலிருந்து எடுத்து மொய்னுதீனிடம் நீட்டினார். மொய்னுதீன் இரண்டு கையாலும் வாக்கரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஜான் பீவியிடம் நீட்டினார். அவள் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"தெருமுனை வரைக்கும் ஒருதடவை போய்ட்டு வா மச்சான்" என்றார் மொய்னுதீன். "பின்னால ஸ்கூட்டர் ஏதாச்சும் வந்தா நான் கையக் காட்டுறேன்."

கொளஞ்சியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிரையின் முகத்துக்கு எதிரே வந்து நின்றார். கையை உயர்த்தினார். பின்பக்கமாக முதல் அடியை எடுத்து வைத்தார். குதிரையும் ஒரு அடி வைத்தது.